போர்க்காலத்தில் ஒரு கல்லூரி அணி: ஓரிகன் ஸ்டேட், 1941 சீசன்

நூலகத்து எலி:

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பற்றி இங்கே எப்போதாவதுதான் பேச்சு வரும். ஆட்டம் பிடிக்காதவர்களும் இதைப் படிக்கலாம். இதில் ஆட்டம் பாதிதான்.

1941-ன் கடைசி மாதங்கள். ஐரோப்பாவில் போர் மூண்டு இரண்டு வருஷம் ஓடிவிட்டது, அமெரிக்கா இன்னும் இறங்கவில்லை. ஓரிகன் மாநிலத்தில் கோர்வாலிஸ் என்ற சின்ன ஊர், அங்கே ஓரிகன் ஸ்டேட் கல்லூரி. பயிற்சியாளர் லான் ஸ்டைனர். தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்திடம் ஒரு தோல்வி, வாஷிங்டன் ஸ்டேட்டிடம் இன்னொரு தோல்வி. ஆனால் முந்தைய வருஷம் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் ரோஸ் பௌல் வரை வென்ற ஸ்டான்ஃபோர்டை 10-0 என்று சாய்த்துவிட்டார்கள். நவம்பர் 29 அன்று பரம்பரைப் பங்காளியான ஓரிகன் பல்கலைக்கழகத்தை 12-7-ல் வென்றதும் பசிபிக் கரை லீக் பட்டம் கைக்கு வந்தது. அந்தக் காலத்தில் அந்தப் பட்டம் வென்ற அணி புத்தாண்டு அன்று கலிபோர்னியாவின் பாசடீனாவில் நடக்கும் ரோஸ் பௌலில் ஆடும். ஓரிகன் ஸ்டேட்டுக்கு அதுதான் முதல் ரோஸ் பௌல். எதிராளியாக அழைக்கப்பட்டது வட கரோலினாவின் டியூக். ஒன்பது ஆட்டம், ஒன்பது வெற்றி, நாட்டின் தரவரிசையில் இரண்டாம் இடம்.

எட்டே நாளில் பேர்ல் ஹார்பர்.

மேற்குக் கரைப் பாதுகாப்புக்குப் பொறுப்பாக இருந்தவர் லெப்டினன்ட் ஜெனரல் ஜான் டிவிட். ஜப்பான் எந்த நேரமும் தாக்கலாம், அவ்வளவு கூட்டம் ஓரிடத்தில் கூடக் கூடாது என்று அவர் சொல்ல, பாசடீனாவில் ஆட்டமும் இல்லை, ரோஜா ஊர்வலமும் இல்லை என்று ஆனது. டியூக்கின் பயிற்சியாளர் வாலஸ் வேட், எங்கள் ஊருக்கு வாருங்கள், இங்கேயே ஆடலாம் என்றார். டர்ஹாமில் இருந்த மைதானத்தில் 35,000 பேர்தான் உட்காரலாம். பக்கத்துக் கல்லூரிகளான வட கரோலினா பல்கலைக்கழகத்திலும் என்.சி. ஸ்டேட்டிலும் பலகைப் படிக்கட்டுகளை இரவல் வாங்கி அடுக்கினார்கள். 56,000 பேர் வந்தார்கள்.

ஓரிகன் ஸ்டேட் அணி நாட்டின் குறுக்கே ரயிலேறியது. ஒருவர் மட்டும் ஏறவில்லை. அவர் பெயர் ஜாக் யோஷிஹாரா. ஜப்பானில் பிறந்து மூன்று வயதில் அமெரிக்கா வந்தவர், வளர்ந்தது எல்லாம் ஓரிகனில். பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது எஃப்பிஐ ஆட்கள் மைதானத்துக்கே வந்து, நீ அணியோடு போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சில மாதங்களில் அவரை ஜப்பானிய வம்சாவளியினரை அடைத்து வைத்த முகாமுக்கு அனுப்பினார்கள்.

இந்தக் கதையை வழக்கமாகச் சொல்கிறவர்கள் ரயில், மழை, யாரும் எதிர்பார்க்காத வெற்றி, போர்க்களத்தில் சந்தித்துக்கொண்ட பழைய எதிராளிகள் என்று நெஞ்சை நெகிழவைத்துக்கொண்டு போவார்கள். யோஷிஹாராவுக்குக் கடைசியில் ஒரு பத்தி கிடைக்கும். எனக்கு அது தலைகீழாகப் படுகிறது. ஆட்டத்தைக் கரையை விட்டு நகர்த்தியவரும் யோஷிஹாராவின் ஜனங்களைக் கரையை விட்டு நகர்த்தியவரும் ஒரே ஆள், அதே டிவிட். இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும் என்பது என் கட்சி. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

பந்தாட்டப் பித்தன்:

நல்ல இழை எலியாரே. ஆனால் ஆட்டம் பாதி என்று சொல்லிவிட்டு ஆட்டத்தையே சொல்லவில்லையே! யார் ஜெயித்தது? எத்தனைக்கு எத்தனை?

நூலகத்து எலி:

ஓரிகன் ஸ்டேட் 20, டியூக் 16.

1942 ஜனவரி 1, டர்ஹாமில் மழை. பந்து சோப்பு மாதிரி வழுக்கியது. முதலில் ஓரிகன் ஸ்டேட்டின் டான் டர்டன் 15 கஜம் ஓடி டச்டவுன் போட்டார் (பந்தோடு எதிராளியின் கடைசிக் கோட்டைத் தாண்டுவது; அதற்கு ஆறு புள்ளி, பிந்தைய உதை உள்ளே போனால் இன்னும் ஒன்று). டியூக்கின் ஸ்டீவ் லாக் நான்கு கஜ ஓட்டத்தில் அதைச் சமன் செய்தார். இடைவேளையில் 7-7. மூன்றாவது கால்பகுதிதான் மொத்த ஆட்டமும். பாப் டெத்மன் 31 கஜத்துக்கு வீசிய பந்தை ஜார்ஜ் ஜெல்லிக் பிடித்தார், 14-7. டியூக் விடாமல் தள்ளிக்கொண்டு வந்து கோட்டைத் தாண்டியது, 14-14. உடனே டெத்மன் மறுபடி வீசினார். ஜீன் கிரே அதைப் பிடித்து, தடுக்க வந்தவரை ஏமாற்றிவிட்டு ஓடினார். வீச்சும் ஓட்டமும் சேர்த்து 68 கஜம். அதற்குப் பிந்தைய உதை உள்ளே போகவில்லை, 20-14.

கடைசிக் கால்பகுதியில் டர்டனை அவருடைய அணியின் கடைசிக் கோட்டுக்குப் பின்னாலேயே வைத்து மடக்கினார்கள். அதற்கு இரண்டு புள்ளி. அதோடு சரி. ஆட்டத்தின் சிறந்த வீரர் என்று டர்டனைத் தேர்ந்தெடுத்தார்கள்.

பந்தாட்டப் பித்தன்:

ஓ, 16 எங்கிருந்து வந்தது என்று கேட்க இருந்தேன். 7, 7, 2. புரிந்தது.

வேட் இப்படிக் கடைசியில் கோட்டை விடுவது முதல் தடவை இல்லை. 1938-ல் அவருடைய டியூக் அணி சீசன் முழுக்க எதிராளிக்கு ஒரு புள்ளிகூடக் கொடுக்கவில்லை. அப்படியே ரோஸ் பௌலுக்குப் போய், தெற்கு கலிபோர்னியாவிடம் ஆட்டத்தின் கடைசி நிமிஷத்தில் டச்டவுன் வாங்கி 7-3 என்று தோற்றது. பாவம் மனிதர்.

கரடிக்குளம் ராசு:

எனக்கு அடிப்படையிலேயே ஒரு சந்தேகம். நாட்டின் மேல் குண்டு விழுந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கப்பல்களுக்குள் சிக்கியவர்களின் உடல்களை இன்னும் எடுத்து முடிக்கவில்லை. அந்த நேரத்தில் படிக்கட்டு இரவல் வாங்கி, ரயில் பிடித்து, 56,000 பேரைக் கூட்டி ஆட்டம் ஆடியே தீர வேண்டுமா? ரத்து செய்திருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? விளையாட்டுக்காரர்கள் எப்போதும் "மக்களின் மன உறுதி" என்று ஒரு காரணத்தைக் கையில் வைத்திருப்பார்கள். டிக்கெட் பணத்தைப் பற்றி யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

சாரல்:

ராசு அண்ணே, நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அங்கே அன்று அப்படி நினைத்தவர்கள் குறைவு. இந்த ஆட்டம் முடிந்து இரண்டு வாரத்தில், ஜனவரி 15 அன்று, ஜனாதிபதி ரூஸ்வெல்ட் பேஸ்பால் நிர்வாகிக்குக் கடிதம் எழுதினார். ஆட்டம் தொடரட்டும், ஜனங்கள் முன்னைவிட அதிக நேரம் உழைக்கப்போகிறார்கள், அவர்களுக்குப் பொழுதுபோக்கும் வேண்டும் என்று அதில் சொல்லியிருந்தார். ஆட்டக்காரர்களுக்கு ராணுவத்திலிருந்து விலக்கு என்று சொல்லவில்லை. வயது வந்தவர்கள் படைக்குப் போகத்தான் வேண்டும், மிச்சம் இருப்பவர்களை வைத்து ஆடுங்கள் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம்.

கல்லூரி அணிகளுக்கும் கிட்டத்தட்ட அதே நிலைமைதான். இந்த இரண்டு அணிகளில் இருந்தும் ஏறக்குறைய எல்லோருமே சீருடை போட்டார்கள். வேட் உட்பட. அவருக்கு அப்போது ஐம்பதை நெருங்கும் வயது. முதல் உலகப்போரில் குதிரைப்படையில் இருந்தவர், மறுபடி தானாகவே போய்ச் சேர்ந்தார்.

கரடிக்குளம் ராசு:

ஜனாதிபதியே எழுதினார் என்பதால் சரியாகிவிடுமா? ஜப்பானிய வம்சாவளியினரைக் கரையை விட்டு அப்புறப்படுத்த வழிவிட்டு அவர் அடுத்த மாதம் கையெழுத்துப் போட்ட இன்னொரு காகிதத்தைப் பற்றித்தானே இந்த இழையே.

மாலுமி:

கப்பலில் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். டிவிட்டை வில்லனாக்குவது இன்றைக்குச் சுலபம். 1941 டிசம்பரில் கலிபோர்னியாக் கரையில் ஜப்பானிய நீர்மூழ்கிகள் உண்மையிலேயே இருந்தன. டிசம்பர் 20 அன்று எமிடியோ என்ற எண்ணெய்க் கப்பலைத் தாக்கின. 23 அன்று மான்டெபெல்லோ என்ற எண்ணெய்க் கப்பலை மூழ்கடித்தே விட்டன. கரையில் இருந்தவர்கள் கண்ணால் பார்க்கிற தூரத்தில் நடந்தது அது. பிப்ரவரி 23 அன்று சாந்தா பார்பரா பக்கத்தில் எல்வுட் எண்ணெய் வயலின் மேல் நீர்மூழ்கி ஒன்று குண்டு வீசியது. அப்படி ஒரு கரையில் ரோஸ் பௌல் மாதிரி பெரிய கிண்ணத்தில் ஜனங்களை நிரப்பி உட்காரவைக்க எந்தத் தளபதி ஒப்புக்கொள்வார்? ஒரு விமானம் வந்தால் போதுமே. ஆட்டத்தை நகர்த்தியது சரியான முடிவு. அதையும் முகாம்களையும் ஒன்றாக முடிச்சுப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

நூலகத்து எலி:

மாலுமி சார், ஆட்டத்தை நகர்த்தியது தப்பு என்று நான் சொல்லவில்லை. டிசம்பர் நடுவில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். நான் பார்ப்பது அதற்கு அடுத்த வருஷத்தை.

1943 ஜனவரி 1. ரோஸ் பௌல் எங்கே நடந்தது? பாசடீனாவில். ஜார்ஜியா 9, யுசிஎல்ஏ 0. போர் முடியவில்லை, நடுவில்தான் இருந்தது. ஆனால் பசிபிக்கில் மிட்வே கடற்போரில் ஜப்பான் தோற்று முடிந்திருந்தது, கரையின் மேல் படையெடுப்பு வரும் என்ற பயம் வடிந்திருந்தது. அதனால் கூட்டம் கூடலாம் என்று ஆட்டத்தைத் திரும்பக் கொடுத்துவிட்டார்கள். அதே புத்தாண்டு அன்று யோஷிஹாரா ஐடஹோ மாநிலத்தில் மினிடோகா முகாமில் இருந்த கூட்டத்தில் ஒருவர். ஜப்பானிய வம்சாவளியினர் கரைக்குத் திரும்பலாம் என்ற உத்தரவு நடைமுறைக்கு வந்தது 1945 ஜனவரியில். மினிடோகாவை மூடியது அதே வருஷம் அக்டோபரில்.

பயம் ஒன்றே என்றால் அது இரண்டுக்கும் சேர்ந்தே வடிந்திருக்க வேண்டும். ஆட்டத்துக்கு ஒரு வருஷம் போதுமாக இருந்தது, மனிதர்களுக்கு ஏறக்குறைய மூன்று வருஷம் ஆனது. முடிச்சு நான் போட்டதில்லை சார், தேதிகளே போட்டு வைத்திருக்கின்றன.

சிவகாமி:

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். குண்டு விழுந்தது ஹவாயில். அங்கே மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஜப்பானிய வம்சாவளியினர். அவர்களை ஒட்டுமொத்தமாக முகாமில் அடைக்கவில்லை. சிலரைத்தான் பிடித்து வைத்தார்கள். காரணம் கருணை இல்லை, அவர்களை அப்புறப்படுத்தினால் தீவில் வேலை நடக்காது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருந்த மேற்குக் கரையில்தான் 1,20,000 பேர் வரை வீடு வாசலை விட்டுப் போனார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு அங்கேயே பிறந்த குடிமக்கள்.

மாலுமி:

ஹவாய் விஷயம் யோசிக்க வேண்டியதுதான். ஒப்புக்கொள்கிறேன் என்று இல்லை, யோசிக்கிறேன்.

பந்தாட்டப் பித்தன்:

யோஷிஹாராவும் அங்கேயே வளர்ந்தவர்தானே, குடியுரிமை வாங்கியிருந்தால் தப்பித்திருப்பாரோ?

சிவகாமி:

வாங்க முடியாது தம்பி. ஜப்பானில் பிறந்தவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவே அன்றைய சட்டத்தில் இடம் இல்லை. அந்தத் தடை 1952-ல்தான் போனது. வாங்கியிருந்தாலும் பயன் இருந்திருக்காது, குடிமக்களையும் சேர்த்துத்தானே ஓட்டிக்கொண்டு போனார்கள்.

வில்லாமெட் கரை:

நான் போர்ட்லேண்டில் இருக்கிறேன், வேலைக்காக வந்தவன். யோஷிஹாராவை முதலில் கொண்டுபோய் வைத்த இடம் எங்கள் ஊர் ரயிலில் போய்ப் பார்க்கக்கூடிய தூரம்தான்.

1942 வசந்தத்தில் போர்ட்லேண்டிலும் சுற்றுப்புறத்திலும் இருந்த ஜப்பானியக் குடும்பங்களை முதலில் கொண்டுபோனது மாட்டுச் சந்தைக்கு. பசிபிக் சர்வதேசக் கால்நடைக் கண்காட்சி என்று அதற்குப் பெயர். மாடும் குதிரையும் கட்டிய தொழுவத்தின் மேல் பலகை அடித்து, தடுப்பு வைத்து, ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. மேலே கூரை பொது, தடுப்புச் சுவர் கூரை வரை போகாது. ஒரு குழந்தை அழுதால் எல்லோருக்கும் கேட்கும். கோடையில் பலகைக்கு அடியில் இருந்த சாணி வாடை மேலே வந்ததையும், கூரையில் தொங்கவிட்ட ஈப் பசைக் காகிதம் கறுத்துப்போனதையும் அங்கே இருந்தவர்கள் பிற்பாடு சொல்லியிருக்கிறார்கள். 3,500 பேருக்கு மேல் சில மாதம் அங்கே இருந்துவிட்டுத்தான் மினிடோகா மாதிரி முகாம்களுக்குப் போனார்கள்.

இப்போது அது எக்ஸ்போ சென்டர். படகுக் கண்காட்சி, பழம்பொருள் சந்தை எல்லாம் நடக்கும். மேக்ஸ் ரயிலின் மஞ்சள் தடத்தில் கடைசி ஸ்டேஷன். நடைமேடையில் இருந்து வெளியே வரும் வழியில் ஜப்பானியக் கோயில் வாசல் மாதிரி மரச்சட்டங்கள் நிறுத்தியிருக்கிறார்கள். அதில் கொத்துக் கொத்தாக உலோக வில்லைகள், முகாமுக்குப் போனவர்களின் சட்டையிலும் பெட்டியிலும் கட்டிய அடையாளச் சீட்டின் அளவில். ஆள் ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கு. கொலம்பியா ஆற்றுப் பக்கம் இருந்து காற்று அடித்தால் எல்லாம் சலசலக்கும். கண்காட்சிக்குப் போகிற கூட்டத்தில் பாதிப் பேர் அதை அலங்காரம் என்று நினைத்துக் கடந்துபோகிறார்கள்.

கரடிக்குளம் ராசு:

இந்த மாதிரி ஒரு பதிவுக்காகத்தான் இந்தத் தளத்துக்கே வருகிறேன். நன்றி தம்பி.

சிவகாமி:

அதே மாநிலத்தில் இன்னொரு கல்லூரிக் கதையும் இருக்கிறது, யாரும் தொடவில்லை. சேலம் என்ற ஊரில் (நம்ம சேலம் இல்லை) வில்லாமெட் பல்கலைக்கழகம். சின்னக் கல்லூரி. பயிற்சியாளர் ஸ்பெக் கீன் தன் அணியை நவம்பர் கடைசியில் கப்பலில் ஹொனலூலுவுக்கு அழைத்துப்போனார். டிசம்பர் 6, சனிக்கிழமை, ஹவாய் பல்கலைக்கழகத்தோடு ஆட்டம். 20-6 என்று தோற்றார்கள். மறுநாள் ஊர் சுற்றிப் பார்ப்பதாகத் திட்டம். காலையில் ஹோட்டல் வாசலில் நின்றபோதே வானத்தில் விமானம், தூரத்தில் புகை.

கலிபோர்னியாவின் சான் ஹோசே ஸ்டேட் அணியும் அப்போது அங்கேதான் இருந்தது, அடுத்தடுத்து ஆட வேண்டியவர்கள். ஆட்டம் எல்லாம் ரத்து. வில்லாமெட் பையன்களின் கையில் பழைய துப்பாக்கியைக் கொடுத்து, ராணுவம் எடுத்துக்கொண்ட புனஹோ பள்ளிக்கு இரவுக் காவல் போட்டார்கள். பலரும் அதுவரை துப்பாக்கியைத் தொட்டதில்லை. சான் ஹோசே பையன்கள் ஹொனலூலு போலீசுக்கு உதவியாகப் போனார்கள், அவர்களில் சிலர் அந்த வேலையிலேயே தங்கிவிட்டார்கள்.

திரும்பி வர இடம் கிடைத்தது பிரெசிடென்ட் கூலிட்ஜ் என்ற கப்பலில். அதில் தீக்காயம் பட்ட மாலுமிகளையும் ஏற்றியிருந்தார்கள். அவர்களுக்குச் சோறு ஊட்டி, படுக்கை மாற்றி, தூக்கி இறக்கி உதவ வேண்டும் என்ற பேச்சில்தான் அணிக்கு இடம். கிறிஸ்துமஸ் அன்று சான் பிரான்சிஸ்கோவில் இறங்கினார்கள். அவர்களுக்கு சீசன் அப்படித்தான் முடிந்தது.

சாரல்:

இதைக் கேள்விப்பட்டதே இல்லை சிவகாமி அக்கா. தனி இழையாகவே போடலாம்.

பந்தாட்டப் பித்தன்:

1942-க்கு அப்புறம் இந்த இரண்டு அணிகளும் என்ன ஆயின? எல்லோரும் படைக்குப் போய்விட்டால் கல்லூரியில் ஆட யார் இருந்தார்கள்?

மாலுமி:

இது எனக்குத் தெரிந்த பகுதி. கேள்விக்குப் பதில், கல்லூரி எந்தப் படையின் கையில் சிக்கியது என்பதைப் பொறுத்தது.

கடற்படை 1943 ஜூலை 1 முதல் வி-12 என்று ஒரு திட்டம் நடத்தியது. 131 கல்லூரிகளில் வருங்கால அதிகாரிகளைச் சீருடையோடு படிக்கவைத்தது. படிப்புக்கு இடையே கல்லூரி அணியில் ஆடத் தடையில்லை, உடம்புக்கு நல்லது என்று ஊக்குவித்தது. ராணுவமும் ஏஎஸ்டிபி என்று இதே மாதிரி ஒரு திட்டம் நடத்தியது. ஆனால் அதில் சேர்ந்தவன் கல்லூரி அணியில் ஆடக் கூடாது, நேரம் இல்லை என்று கறாராகச் சொல்லிவிட்டது.

டியூக்கில் இருந்தது வி-12. 1943-ல் எட்டு வெற்றி, ஒரே ஒரு தோல்வி, அதுவும் கடற்படைக் கல்லூரியிடம் 14-13. ஓரிகன் ஸ்டேட்டில் இருந்தது ராணுவத் திட்டம். 1943, 1944 இரண்டு சீசனும் அங்கே அணியே இல்லை. ரோஸ் பௌல் வென்ற கல்லூரி, ஒன்றரை வருஷத்தில் பதினோரு பேரைச் சேர்க்க வழியில்லாமல் நின்றது.

வி-12-ல் வேடிக்கையும் உண்டு. கடற்படை எங்கே படிக்க அனுப்புகிறதோ அந்தக் கல்லூரிக்கு ஆட வேண்டியதுதான். போன வருஷம் விஸ்கான்சினுக்கு ஆடிய எல்ராய் ஹிர்ஷ் இந்த வருஷம் மிச்சிகனுக்கு ஆடினார். இல்லினாய் ஆட்களை வாங்கிக்கொண்ட பர்டியூ 1943-ல் ஓர் ஆட்டம்கூடத் தோற்கவில்லை.

நோட்டர் டேம் கதை இன்னும் சுவாரசியம். ஏஞ்சலோ பெர்டெல்லி என்ற குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துகிறவர்) ஆறு ஆட்டம் ஆடினார், ஆறிலும் வெற்றி. உடனே மரைன் படை கூப்பிட்டுக்கொண்டது. சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான அந்த வருஷத்தின் ஹைஸ்மன் கோப்பை அவருக்கு அறிவிக்கப்பட்டபோது பாரிஸ் ஐலண்ட் பயிற்சி முகாமில் கவாத்து பழகிக்கொண்டிருந்தார். மிச்ச ஆட்டங்களை ஜானி லூஜாக் என்ற பதினெட்டு வயதுப் பையன் பார்த்துக்கொண்டான்.

நூலகத்து எலி:

மாலுமி சார், நோட்டர் டேம் சொன்னீர்களே, அந்த சீசனின் கடைசி ஆட்டத்தையும் சொல்லிவிடுங்கள். டர்ஹாமுக்கும் அதற்கும் ஒரு நூல் ஓடுகிறது.

மாலுமி:

ஆமாம், ஆமாம். ஒன்பதில் ஒன்பது வென்றுவிட்டு, கடைசியாக கிரேட் லேக்ஸ் கடற்படைப் பயிற்சி நிலைய அணியோடு ஆடினார்கள். பயிற்சிக்கு வந்த மாலுமிகளில் பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாம் உண்டு, பேருக்குத்தான் அது முகாம் அணி. ஆட்டம் முடிய முப்பது விநாடி சொச்சம் இருக்கும்போது நோட்டர் டேம் 14-12 என்று முன்னிலை. அப்போது கிரேட் லேக்ஸ் ஆள் ஒருவர் 46 கஜத்துக்கு ஒரு வீச்சு வீசி டச்டவுன் ஆக்கிவிட்டார், 19-14. நோட்டர் டேமுக்குச் சாம்பியன் பட்டம் கிடைத்தது, தோல்வியற்ற சீசன் கிடைக்கவில்லை. வீசியவர் ஸ்டீவ் லாக். மேலே எலியார் சொன்ன அதே டியூக் ஆள், மழையில் நான்கு கஜம் ஓடியவர்.

கரடிக்குளம் ராசு:

எலியாரே, போர்க்களத்தில் சந்தித்துக்கொண்டார்கள் என்று முதல் பதிவில் ஒரு வரி போட்டுவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். நெகிழ்ச்சி வேண்டாம் என்பது உங்கள் கொள்கை, அதற்காகக் கதையை மறைக்கலாமா?

நூலகத்து எலி:

மறைக்கவில்லை அண்ணே. சொல்லிவிடுகிறேன்.

டியூக்கின் சார்லஸ் ஹேன்ஸும் ஓரிகன் ஸ்டேட்டின் ஃபிராங்க் பார்க்கரும் ரோஸ் பௌலில் எதிரெதிர் அணி. பின்னர் இத்தாலியில் ஒரே பக்கம். 1944-ல் ஒரு குன்றுச் சண்டையில் ஹேன்ஸின் நெஞ்சில் குண்டு பாய்ந்தது. மணிக்கணக்கில் சரிவிலேயே கிடந்தார், பிழைப்போம் என்று அவரே நினைக்கவில்லை. பார்க்கரும் இன்னொரு சிப்பாயும்தான் அவரைக் கீழே தூக்கி வந்து காப்பாற்றினார்கள்.

இன்னொன்று வேட் பற்றியது. பீரங்கிப் படை அதிகாரியாக ஐரோப்பாவில் இருந்தார். ஆர்டென் காட்டில் 1944-45 குளிர்காலச் சண்டை. அங்கே ஓரிகன் ஸ்டேட் அணியின் ஸ்டான்லி செக் அவரிடம் போய், நான் உங்களுக்கு எதிராக ரோஸ் பௌல் ஆடியவன் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். அந்தக் குளிரில் இரண்டு பேரும் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே ஆட்டத்தைப் பேசினார்கள்.

வென்ற பந்தைப் பிடித்த ஜீன் கிரே விமானியாகி ஜெர்மனியின் மேல் முப்பதுக்கு மேற்பட்ட குண்டுவீச்சுப் பயணம் போய் உயிரோடு திரும்பினார். போர் எல்லாம் முடிந்த பிறகு, 1948-ல் பனாமாவில் நடந்த விமான விபத்தில் இரண்டு கைகளையும் இழந்தார்.

சாரல்:

அந்தப் பந்தைப் பிடித்த கைகள்...

கரடிக்குளம் ராசு:

செக்-வேட் சந்திப்பு எனக்கு அவ்வளவு அதிசயமாகத் தெரியவில்லை. போர் உச்சத்தில் அமெரிக்கச் சீருடையில் இருந்தவர்கள் 1 கோடிக்கு மேல். இரண்டு அணியும் சேர்த்து அறுபது எழுபது பேர் அதற்குள் போனால், எங்காவது இரண்டு பேர் முட்டிக்கொள்ளத்தான் செய்வார்கள். முட்டிக்கொள்ளாதவர்களின் கதையை யாரும் எழுதுவதில்லை.

நூலகத்து எலி:

முட்டிக்கொள்ளாதவர்களில் நான்கு பேர் திரும்பவே இல்லை. டியூக்கின் வால்டர் கிரிஃபித், அல் ஹூவர், பாப் நானி. ஓரிகன் ஸ்டேட்டின் எவரெட் ஸ்மித். நான்கு பேருமே பசிபிக் போர்முனையில். ஹூவர் பெலெலியூ தீவில், நானி இவோ ஜிமாவில். டர்ஹாமில் ஆடியபோது இந்தத் தீவுகளின் பெயரை யாராவது கேள்விப்பட்டிருப்பார்களா என்பதே சந்தேகம்.

பந்தாட்டப் பித்தன்:

யோஷிஹாராவுக்கு வருவோம். அணி அவரை அப்படியே மறந்துவிட்டதா?

நூலகத்து எலி:

ரொம்ப நாள் கிட்டத்தட்ட அப்படித்தான். முகாமில் 9,000 பேருக்கு மேல், தூசியும் கம்பி வேலியும். கல்லூரி அணியில் மறுபடி அவர் ஆடவில்லை. வெற்றி பெற்ற அணிக்கான ரோஸ் பௌல் மோதிரம் 1985-ல்தான் அவருக்கு வந்தது. ஓரிகன் ஸ்டேட், போரால் படிப்பை விட்டுப் போக நேர்ந்த ஜப்பானிய அமெரிக்க மாணவர்களுக்கு 2008-ல் கௌரவப் பட்டம் கொடுத்தது. அவர் அப்போது இருந்தார். அடுத்த வருஷம் காலமானார்.

மாலுமி:

1985 என்றால் நாற்பத்து மூன்று வருஷம். அரசாங்கத்துக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஆனது. 1988-ல்தான் மன்னிப்புக் கேட்டு, உயிரோடு இருந்த ஆள் ஒருவருக்கு 20,000 டாலர் என்று சட்டம் போட்டார்கள். அதற்கு முன் நாடாளுமன்றம் அமைத்த விசாரணைக் குழு, முகாம்களுக்கு ராணுவக் காரணம் இருக்கவில்லை, இனவெறுப்பும் போர்ப் பதற்றமும் தலைவர்களின் தோல்வியும்தான் காரணம் என்று எழுதிவிட்டது. எலியாருக்குச் சாதகமாக நானே சாட்சி சொல்கிற மாதிரி ஆகிவிட்டது. இருந்தாலும் ஆட்டத்தை நகர்த்தியது சரி என்ற என் கட்சியை விட மாட்டேன்.

நூலகத்து எலி:

விட வேண்டாம் சார், அதில் நமக்குள் சண்டையே இல்லை.

வில்லாமெட் கரை:

இந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் ஓரிகன் ஸ்டேட் பற்றிப் பேசினால் அந்த 1942 பேச்சு வந்துவிடும். காரணம் எளிது. அதற்குப் பிறகு 1957-ல் ஒரு தடவை, 1965-ல் ஒரு தடவை ரோஸ் பௌலுக்குப் போனார்கள், இரண்டிலும் தோல்வி. இன்றுவரை அவர்கள் வென்ற ஒரே ரோஸ் பௌல் பாசடீனாவில் நடக்காத ரோஸ் பௌல்.

பந்தாட்டப் பித்தன்:

2021-ல் கொரோனாவுக்காக டெக்சாஸில் நடத்தினார்களே, அதுவும் வெளியேதானே?

வில்லாமெட் கரை:

ஆமாம், அது இரண்டாவது. டர்ஹாம் மைதானத்துக்கு 1967-ல் வாலஸ் வேட் பெயரையே வைத்துவிட்டார்கள். டியூக் இன்றும் அங்கேதான் ஆடுகிறது.

சாரல்:

சிவகாமி அக்கா, வில்லாமெட் இழை எப்போது? அந்தக் கப்பல் பயணம் முழுசாக வேண்டும்.

சிவகாமி:

ஞாயிற்றுக்கிழமை போடுகிறேன் கண்ணு. சான் ஹோசே பையன்களின் போலீஸ் வேலையையும் அதிலேயே சேர்த்துவிடுகிறேன், தனியாகப் போட்டால் நீளும்.